பழைய போன் எழுந்திருக்க ஏன் இவ்வளவு நேரம்?

அம்மா ராத்திரி படுக்கும்போது போனை அணைத்துவிடுவார். போன மாதம் ஒரு விடியற்காலையில் அவருக்கு மூச்சுத் திணறல். என் போனில் சார்ஜ் இல்லை. அவர் போனை ஆன் செய்தால் லோகோ மின்னிக்கொண்டே இருக்கிறது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அம்மா இப்போ நல்லா இருக்காங்க. ஆனால் அந்தக் காத்திருப்பு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. போனுக்கு வயசாகிவிட்டதா என்ன? தேடிப் படித்ததில் கிடைத்த குட்டி வரலாறு இது.

2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் எச்டிசி ட்ரீம். 528 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 192 எம்பி ரேம். போனை ஆன் செய்ததும் முதலில் பூட்லோடர், பிறகு லினக்ஸ் கெர்னல், அதன்பின் 'சைகோட்' என்று ஒன்று எழும். சைகோட் என்றால் கருமுட்டை. எல்லா ஆப்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன, அதனால் இந்தப் பெயர். ஆப்களுக்குப் பொதுவான நிரல் பகுதிகளை இது முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும். அப்புறம் போனில் இருக்கிற ஒவ்வொரு ஆப்பையும் கணக்கெடுக்கும் வேலை. இன்றைய போன்களிலும் அடிப்படை வரிசை இதேதான்.

அப்படியானால் என்ன மாறியது? முக்கியமாக, சேமிப்புச் சிப். ஆன் ஆகும் நேரத்தில் ஒரு பங்கு, சிப்பிலிருந்து தகவலைப் படிப்பதில் போகிறது. பல வருஷம் புழக்கத்தில் இருந்த இஎம்எம்சி சிப் ஒற்றைவழிப் பாதை மாதிரி: ஒரு நேரத்தில் படிக்கும், அல்லது எழுதும். 2015இல் சாம்சங் கேலக்ஸி எஸ்6 போனில் யுஎஃப்எஸ் வந்தது. இதில் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியும். விலை குறைந்த போன்களில் இஎம்எம்சி அதன் பிறகும் தொடர்ந்தது. அம்மாவின் போன் அந்த வகை.

மென்பொருளும் மாறியது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5, ஆப்களை முன்கூட்டியே மெஷின் மொழிக்கு மாற்றி வைத்தது. ஆப் வேகமாக ஓடும். ஆனால் ஒவ்வொரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகும் எல்லா ஆப்பையும் மறுபடி மாற்றணும். 'இத்தனையில் இத்தனையாவது ஆப்' என்று எண்ணிக்கை ஓடியது ஞாபகம் இருக்கா? 2016இல் ஆண்ட்ராய்டு 7, அந்த வேலையில் பெரும்பகுதியை போன் சார்ஜில் சும்மா கிடக்கும் நேரத்துக்குத் தள்ளிவிட்டது.

ஆக, அம்மாவின் போன் வயசாகித் தளரவில்லை. பிறந்ததே ஒற்றைவழிப் பாதையில். நாங்கள் வருஷா வருஷம் ஆப்களை ஏற்றிச் சுமையைக் கூட்டினோம். இடம் நிரம்ப நிரம்ப சிப்பும் திணறும், ஏனென்றால் ஃபிளாஷ் சிப்பில் பழையதை அழித்த பிறகுதான் அதே இடத்தில் புதிதாக எழுத முடியும்.

வேண்டாத ஆப்களை நீக்கினேன். கொஞ்சம் வேகம் கூடியது, புது போன் அளவுக்கு இல்லை. இவ்வளவும் படித்து முடித்து நான் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப எளிது: அம்மா இப்போது ராத்திரியில் போனை அணைப்பதில்லை. தலைமாட்டில் சார்ஜில் கிடக்கிறது.