தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி கோ. நடேசய்யர்

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற நாட்களிலே, கோப்பிச் செடியைப் பிடித்த நோயையும் அதன்பின் தேயிலை வந்த வரலாற்றையும் பக்கம் பக்கமாக மனனஞ் செய்தோம். அத்தேயிலையைக் கொய்த கைகளுக்காகச் சபையேறி வாதாடிய நடேசய்யரின் பெயரை மட்டும் அங்கே கேட்டோமில்லை.

அன்னார் தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்தவர். மலைநாட்டுத் தோட்டங்களைக் காண விரும்பினார். ஆனால் தோட்டமோ துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி உள்ளே கால்வைப்பது குற்றம். புடவை வியாபாரிக்கு மாத்திரம் வழி விடுவார்கள். ஆகவே ஐயர் புடவை மூட்டையைத் தோளிற் சுமந்து, வியாபாரி வேடத்தில் லயங்களுக்குட் புகுந்தார் என்பர். இங்கிலீசு கற்ற பிராமணர் ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு செய்தார் என்பதை வாசகர் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக!

லயங்களிலே அவர் கண்டது கடன். கப்பலேறி வந்த செலவு முதற்கொண்டு யாவும் கங்காணியின் கணக்கில் ஏறி நின்றன. அக்கடனைக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது, கடன் ஒழியவில்லை.

1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கிய ஐயர், 1925இல் இந்தியர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபை புகுந்தார். கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவின் சங்கத்தில் உப தலைவராகவும் விளங்கினார். ஆயின் குணசிங்காவின் பேச்சில் இந்தியத் தொழிலாளர்மேல் வெறுப்பு ஏறவே, இருவரும் பிரிந்தனர். சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே மேடையில் நின்ற அரிய காலம் அத்துடன் குலைந்தது. இவ்விழப்பு எமக்கு இன்றும் வருத்தந் தருவது.

1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம், மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். உலக மந்தம் வந்ததும் இதனையும் வெட்டினார்கள். 1931இல் ஐயர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். அன்னாரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தாமே பாட்டுக் கட்டிக் கூட்டங்களிற் பாடுவார். எழுத்தறியாதவர்க்குப் பத்திரிகையைவிடப் பாட்டே விரைவிற் சென்று சேர்ந்திருக்கும் என்பது எமது எண்ணம்.

1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை தந்தது. இந்தியத் தொழிலாளருக்கு நிபந்தனைகள் பல விதிக்கப்பட்டபோதும், லயத்து மக்களிற் பலர் வாக்காளராயினர். 1936இல் அவர்கள் ஐயரை ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்கு அனுப்பினர். ஒருகால் வேடமிட்டு மலையேறியவர் இப்பொழுது அம்மலைக்கே அங்கத்தவர்!

அன்னாரிடத்துக் குறையில்லை என்று நாம் கூறமாட்டோம். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது, அதனோடு ஒன்றாமல் தனிவழியே நின்றார். தொழிலாளர் புதிய இயக்கத்தின்பாற் சென்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐயர் தோற்றார். காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் காலமானார்.

மறு ஆண்டு, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டு இந்தியத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றோராயினர்; தொடர்ந்து வாக்கையும் இழந்தனர். அவர்களுள் ஒருவர் மீண்டும் தேர்தலில் வென்று பாராளுமன்றஞ் சென்றது 1977இலேதான்.