ஆறுமணிக் குருவியும் வடசென்னைக் கடற்கரையும்

ஆறுமணிக் குருவி இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே வலசை போகும் சிறு பறவை. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் சீழ்க்கை ஒலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. பச்சை முதுகு, சிறகில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால் ஆகியவை இதன் அடையாளங்கள். பல நிறங்கள் கொண்டதால் இந்தியில் 'நவரங்' என்பர். இப்பறவை அறிவியல் நூல்களில் இடம்பெற்ற வரலாறு சென்னையில் தொடங்குகிறது.

கோட்டை மருத்துவர்

1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அந்தக் காலகட்டத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராகப் பணியாற்றியவர் எட்வர்டு பக்லி. இவர் சென்னைப் பறவைகளின் ஓவியங்களை இலண்டனில் இருந்த மருந்தாளர் ஜேம்சு பெட்டிவருக்கு அனுப்பினார். பெட்டிவர் எழுதிய விவரங்கள், ஜான் ரே இலத்தீனில் எழுதிய பறவை நூலின் இணைப்பாக 1713இல் அச்சாயின. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் வெளியான மிகப் பழைய பட்டியல்களுள் இதுவும் ஒன்று.

பெயரின் மூலம்

அப்பட்டியலில் ஆறுமணிக் குருவி 'பொன்னுங்கி பிட்டா' என்று குறிக்கப்பட்டுள்ளது. 'பிட்ட' என்றால் தெலுங்கில் சிறு பறவை. அன்றைய சென்னையில் தமிழுடன் தெலுங்கும் பரவலாக வழங்கியது. 1766இல் லின்னேயசு இப்பறவையைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்து இலத்தீன் பெயரிட்டார். 1816இல் வியேயோ என்ற பிரெஞ்சு அறிஞர் 'பிட்டா' என்பதையே பேரினப் பெயராக்கினார். இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் வாழும் இக்குடும்பப் பறவைகள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயர். பக்லி, பெட்டிவர் பெயர்கள் ஏட்டில் உள்ளன. அந்தச் சொல்லை எடுத்துச் சொன்ன உள்ளூர்வாசியின் பெயர் இல்லை.

வலசையும் வாழிடமும்

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டும் இப்பறவை, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் வடக்கே திரும்புகிறது. இரவில் பறந்து, விடிந்ததும் நிழலான இடத்தில் இறங்கும். சருகைக் கிளறிப் புழுபூச்சிகளைத் தின்னும். கோடை மழை பெய்த காலையில், ஈரச் சருகுள்ள மரத்தடிகளில் இதைத் தேடலாம்.

வலசையின்போது சென்னையில் களைத்து விழுந்த ஆறுமணிக் குருவிகள் வீடுகளுக்குள் நுழைவதும் உண்டு. 1955இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் ஆலையும், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரில் அனல் மின் நிலையமும் வந்தன. ஆலைகள் நெருங்கிய இப்பகுதியில் கோயில் நந்தவனம், பள்ளி வளாகம், பழைய தோட்டம் போன்றவையே இத்தகைய பறவைகள் இறங்கக்கூடிய இடங்கள். அங்கே மரங்களைக் காப்பதுடன், உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் விடுவதும் அவற்றுக்கு உதவும்.