பழைய கம்பி அச்சுப்பொறியை வைஃபையில் பகிர்தல்

யூஎஸ்பி கம்பி மட்டுமே உள்ள பிரிண்டரை வீட்டு வைஃபை வழியாகப் பல கணினிகளும் கைபேசிகளும் பயன்படுத்தச் செய்யும் முறை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதி வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பழகிய எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 ஆகியவை இவ்வகையின. நன்றாக ஓடும் பொறியைக் கம்பிக்காக மட்டும் கழித்துக்கட்டுவது வீண்.

பிரிண்டர் இணைந்த விண்டோஸ் கணினியிலேயே பகிர்வைத் திறந்துவிடுவது எளிய வழி. ஆனால் அக்கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும். 2021இல் வந்த பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பின் பல வீடுகளில் இந்தப் பகிர்வு 0x0000011b என்ற பிழையோடு நின்றது.

ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை நிறுவுவது இதைவிட உறுதியானது. 1999இல் வெளியான கப்ஸ், 631ஆம் போர்ட்டில் அச்சுப்பணிகளை வாங்கி வரிசைப்படுத்தும். இப்படிப் பகிர்ந்த பிரிண்டரை ஐபோனும் கண்டுகொள்ளும். இங்கே பொறியின் குணம் அறிவது முக்கியம். 1020 தன் ஃபர்ம்வேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. மின்சாரம் போய்வந்தால் கணினிதான் மறுபடி அனுப்ப வேண்டும். ரூட்டரின் யூஎஸ்பி துளையில் நேராகச் செருகும்போது அது பெரும்பாலும் ஊமையாகிவிடுவதற்கு இதுவே காரணம். 2900க்குக் கேனான் தரும் லினக்ஸ் டிரைவரோ இன்டெல் வகைச் செயலிகளுக்கானது. ராஸ்பெர்ரி பைக்குப் பொருந்தாது. அதற்குப் பழைய மடிக்கணினியே ஏற்றது.

இந்த இரண்டு பிரிண்டர்களுக்கும் பக்கம் கணினியிலேயே படமாக வரையப்படுவதால் தமிழ் எழுத்துரு சிதையாது. பகிரும் கருவிக்கு ரூட்டரில் நிலையான ஐபி முகவரி ஒதுக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இணைந்த கைபேசிக்குப் பிரிண்டர் பொதுவாகத் தெரியாது.