பதிந்த பத்திரமும் உறுதியாகாத உரிமையும்: தமிழ்நாட்டில் நில உரிமைச் சான்றின் வரலாறு

தமிழ்நாட்டில் மனை வாங்குபவர் பதிந்த கிரயப் பத்திரத்தையும் பட்டாவையும் கையில் வைத்திருந்தும் உரிமையியல் நீதிமன்றத்தில் நிற்க நேர்கிறது. இவ்விரண்டு ஆவணங்களும் வேறு வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை. உரிமைக்கு உத்தரவாதம் தருவது இரண்டின் நோக்கமும் அல்ல. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நில விற்பனை விரிவாகப் பதிவாகியுள்ளது. விலையும் வரிநிலையும் மட்டுமல்ல, கிழக்கே இன்ன வாய்க்கால், தெற்கே இன்னார் நிலம் என்று நான்கெல்லையும் அவற்றில் உண்டு. பல விற்பனைகளில் ஊர்ச்சபையே விற்பவராக நின்றது. வாங்கியவரின் உரிமைக்கு ஊர் அறிந்திருப்பதே பெரிய காப்பு. நான்கெல்லை சொல்லும் வழக்கம் இன்றைய பத்திரங்களின் சொத்து விவரத்திலும் தொடர்கிறது. ஊரின் பொறுப்புதான் தொடரவில்லை.

1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தினார். அதில் பட்டா என்பது யார் வரி கட்ட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. பட்டா மட்டுமே உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் இன்றுவரை சொல்வது இதனால்தான்.

1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் உள்ள பெயருக்கு அரசே உறுதி தந்தது. இந்தியா அவ்வழியில் போகவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிய வகைசெய்தது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது பதிவாளரின் வேலை அல்ல.

அந்தச் சுமை வாங்குபவரின் தலையில் விழுந்தது. தாய்ப்பத்திரம் தேடுவதும் முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்பதும் அப்படி வேரூன்றிய வழக்கங்களே. வில்லங்கச் சான்றை நம் மக்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் கருத்து. கேட்ட காலத்தில், கேட்ட சர்வே எண்ணில் பதிவான நடவடிக்கைகளை மட்டுமே அது காட்டும். பதியாத உயிலும் கையெழுத்திடாத சகோதரியின் பங்கும் அதில் தெரியாது. நிலுவையிலுள்ள வழக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

வருவாய்ப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டம் 1987 வரை நடந்தது. அப்போது விடுபட்ட பெயர்களையும் தவறிய உட்பிரிவுகளையும் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு வருகின்றன.

பொது அதிகார ஆவணத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாக்கியது. 2022இல் தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவைச் சேர்த்து, மோசடிப் பத்திரங்களை ரத்துசெய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குத் தந்தது. ஏமாந்தவர்களுக்கு அது விரைவான வழியாகத் தோன்றியது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விற்பவர் முன் பத்திரத்தின் அசலைக் காட்ட வேண்டும் என்ற தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. உரிமையை ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

உரிமையை அரசே உறுதிசெய்யும் சட்டம் இங்கே வர வேண்டும். அதுவரை மனை வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தாய்ப்பத்திரம் முதல் வாரிசுச் சான்று வரை அனைத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.