பெட்டி ஒரு கினி பெறும்

ஆடு மேய்த்து வளர்ந்த தாமஸ் பீச்சம், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாத்திரை விற்றே பெரும் செல்வந்தரானார். அஜீரணம், தலைசுற்றல், மலச்சிக்கல், ஏன், கெட்ட கனவுக்கும்கூட அதே மாத்திரைதான்! 'பெட்டி ஒரு கினி பெறும்' என்றது விளம்பரம். கினி என்றால் 21 ஷில்லிங். விலையோ ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னி.

அந்த ஒன்றரை பென்னி, அரசு முத்திரை வரி. பெட்டியில் ஒட்டியிருந்த வரிச்சீட்டைப் பார்த்து, அரசே மருந்துக்குச் சான்று தந்ததாகப் பலர் நம்பினர். வியாபாரிகள் மறுப்பார்களா என்ன?

1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் மாத்திரையைப் பிரித்துப் பார்த்தது. கற்றாழைப் பிசின், இஞ்சி, சோப்பு. ஆக, பேதி மாத்திரை. 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்த்திங், அதாவது பென்னியில் எட்டில் ஒரு பங்கு.

அந்தப் பணத்தில் வளர்ந்த பேரன், அதே பெயர்க்காரர், 1932இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நிறுவினார்.