கையெழுத்துக்கு முன்னும் பின்னும்: மாடலிங் ஒப்பந்தம், நியூயார்க்கும் நம்மூரும்

மும்பை அந்தேரியானாலும் சென்னை வடபழனியானாலும், சந்தேகத்துக்குரிய மாடலிங் ஏஜென்சிகள் நடந்துகொள்ளும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் முகத்தைப் புகழ்வார்கள். "கேமராவுக்குன்னே பொறந்த முகம்மா, இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" அடுத்த பேச்சு போர்ட்ஃபோலியோ. அவர்கள் சொல்லும் ஸ்டுடியோவில், அவர்கள் சொல்லும் போட்டோகிராபரிடம்தான் படம் எடுக்க வேண்டும். பணம் அன்றைக்கே கட்ட வேண்டும். பணம் கைமாறிய பிறகுதான் முத்திரைத்தாள் வெளியே வரும். மூன்று வருடமோ ஐந்து வருடமோ வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது, நடுவில் விலகினால் இத்தனை லட்சம் நஷ்டஈடு, தகராறு வந்தால் ஏஜென்சி நியமிக்கும் நடுவர்தான் விசாரிப்பார் என்று பக்கம் பக்கமாக ஓடும். சில இடங்களில் தொகை எழுதாத காசோலை ஒன்றையும் 'செக்யூரிட்டி' என்று வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொள்கிறார்கள். அதன்பிறகு மாதக்கணக்கில் போன் வராது. நாமே கூப்பிட்டால் "ஆடிஷன் இருக்கு, சொல்றோம்" என்பதோடு சரி. இதிலிருந்து எப்படி விலகுவது என்ற கேள்வி வீட்டில் எழுவது அப்போதுதான்.

நியூயார்க்கிலும் இதே கேள்விதான். ஆனால் அங்கே சிக்கல் வேறு வாசல் வழியாக வரும். பெயர்பெற்ற ஏஜென்சிகள் முன்பணம் கேட்பதில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மன்ஹாட்டனில் ஓர் அடுக்ககத்தில் அடுக்குக் கட்டில் போட்டுத் தங்கவைப்பார்கள். ஓர் அறையில் பலர்; ஆளுக்கு ஆள் வாடகை. சோதனைப் படப்பிடிப்புக்கு, படம் அச்சிட்ட அட்டைக்கு, இணையதளத்தில் முகத்தைப் போடுவதற்கு என எல்லாச் செலவும், 2025இல் புதுச் சட்டம் வரும்வரை, அவள் பெயரில் கடனாக ஏறியது. விளம்பரதாரர் கொடுக்கும் சம்பளம் மாதங்கள் கழித்து ஏஜென்சிக்கு வந்து, கமிஷனும் கடனும் கழிந்தபின் அவள் கைக்கு எதுவும் மிஞ்சாமல் போனதுண்டு. நம் ஐ.டி. பிள்ளைகளுக்கு மனப்பாடமான ஹெச்-1பி விசா இருக்கிறதே, அதில்தான் வெளிநாட்டு ஃபேஷன் மாடல்களும் அமெரிக்கா போகிறார்கள். விசாவுக்கு மனுப் போடுவது பெரும்பாலும் ஏஜென்சியே என்பதால், ஏஜென்சியை விட்டால் விசாவும் ஆட்டம் காணும்.

ஆக, இங்கே ஏமாற்று நுழையும்போதே முடிந்துவிடுகிறது. அங்கே உள்ளே போனபிறகு மெல்ல மெல்ல நடக்கிறது. இரண்டு இடத்துச் சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. நுழைவதில்தான் நமக்கு ஆபத்து. நம் சட்டமோ வெளியேறுவதில்தான் பலமாக இருக்கிறது. நியூயார்க்கில் கதை தலைகீழ்.

நியூயார்க் மாநிலத்தில் வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளுக்கு உரிமமும் கமிஷன் வரம்பும் வெகுகாலமாகவே உண்டு. கலைத்துறை ஏஜென்சி என்றால் வரம்பு பத்து சதவீதம். மாடலிங் நிறுவனங்கள் தங்களை ஏஜென்சி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்கள் மேனேஜ்மென்ட் கம்பெனி, வேலை பிடித்துத் தருவது போகிற போக்கில் நடப்பது" என்று சொல்லிச் சட்டத்துக்கு வெளியே நின்றன. பல பத்தாண்டுகள் இந்த வாதம் செல்லுபடியானது என்பதுதான் வேடிக்கை. முன்னாள் மாடல் சாரா ஸிஃப் 2012இல் மாடல் அலையன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, இந்த ஓட்டையை அடைக்க வருடக்கணக்கில் போராடினார். 2024 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் ஃபேஷன் வொர்க்கர்ஸ் ஆக்டில் கையெழுத்திட்டார். 2025 ஜூன் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சட்டம் மாடலை விட ஏஜென்சியைப் பார்த்துத்தான் அதிகம் பேசுகிறது. நிறுவனம் தொழிலாளர் துறையில் பதிவு செய்ய வேண்டும்; ஐந்து பேருக்கு மேல் பணியாளர் இருந்தால் 50,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரம் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும்போது கட்டணமோ டெபாசிட்டோ வாங்கக்கூடாது. கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. மாடல் தானாக ஒப்புக்கொள்ளாமல் அது புதுப்பிக்கப்படவும் கூடாது. 'பவர் ஆஃப் அட்டர்னி' கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று நிபந்தனை போட முடியாது. மாடலின் உருவத்தைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்கத் தனியே எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மீறினால் முதல் முறை 3,000 டாலர் வரை அபராதம், அடுத்தடுத்து 5,000 வரை. பெரிய கம்பெனிக்கு இது காபிச் செலவு என்பார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பதுதான் உண்மையான கடிவாளம்.

இந்தியாவில் மாடல்களுக்கென்று இப்படி ஒரு சட்டம் கிடையாது. கைகொடுப்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 27ஆவது பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இந்தப் பிரிவின் பூர்விகம் நியூயார்க்! அந்த மாநிலத்துக்காக டேவிட் டட்லி ஃபீல்டு எழுதிய வரைவுச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது அது. நியூயார்க் அந்த வரைவைச் சட்டமாக்கவில்லை. அதே 1872இல் கலிஃபோர்னியா ஏற்றுக்கொண்டது, பிரிட்டிஷ் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் 'போட்டி நிறுவனத்துக்குப் போகாதே' என்று எழுதிவைத்தால், நியூயார்க் நீதிமன்றம் அது நியாயமான அளவில் இருக்கிறதா என்று எடைபோடும். இந்திய நீதிமன்றம் அந்த எடைக்கே போவதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் அந்தத் தடை செல்லாது.

இதற்குக் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 2000 அக்டோபரில் பெர்செப்ட் டிமார்க் என்ற நிறுவனத்தோடு மூன்று ஆண்டுக்கு விளம்பர ஒப்பந்தம் போட்டார் அவர். காலம் முடிந்தபிறகு வேறு யாராவது வாய்ப்புக் கொடுத்தால், அதை முதலில் பெர்செப்டிடம் காட்டி, அதே விலைக்கு அவர்கள் தயாரா என்று கேட்க வேண்டும் என்று ஒரு ஷரத்து. 2003இல் அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். மும்பை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடை கொடுத்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அமர்வின் பக்கமே நின்றது: ஒப்பந்தக் காலத்துக்கு அப்பால் நீளும் இந்தக் கட்டு 27ஆவது பிரிவின்படி செல்லாது. மாடலிங் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இதே ஷரத்து வேறு வார்த்தைகளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

காலம் முடியாத ஒப்பந்தம்தான் கொஞ்சம் முள். ஒருவரின் சொந்தத் திறமையைச் சார்ந்த வேலையைச் செய்யச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. 1963ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 14ஆவது பிரிவு அதைத் தெளிவாக்குகிறது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது 'வேறு இடத்தில் வேலை செய்யாதே' என்ற ஷரத்து பொதுவாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் குஜராத் பாட்லிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே "27 இருக்கிறது, பயப்படாதே" என்று மட்டும் சொல்லும் வக்கீலை நம்பி உடனே அடுத்த ஏஜென்சியில் கையெழுத்துப் போடுவது சரியல்ல. முதலில் பழையதை எழுத்தில் முறிக்க வேண்டும்.

முறிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்களே கொடுத்திருப்பார்கள். தரும் எண்ணமே இல்லாமல் மாதம் இத்தனை ஷூட் உறுதி என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், பொய் சொல்லிப் பெற்ற சம்மதம் அது. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை ஏமாந்தவருக்கு உண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. கடிதத்தில் புலம்பல் வேண்டாம். ஒப்பந்தத் தேதி, கட்டிய தொகை, அவர்கள் சொன்னது, நடந்தது, இன்ன தேதியோடு ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், என் படங்களை இனிப் பயன்படுத்தக்கூடாது, காசோலையைத் திருப்பித் தரவும். அவ்வளவுதான். ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், பத்து லட்சம் கட்டு என்று. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், அதற்கும் இழப்பு இருந்தாக வேண்டும் என்று 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு வேலைகூட வாங்கித் தராத ஏஜென்சி எந்த இழப்பைக் காட்டும்? ஏஜென்சி தன் விருப்பப்படி நியமிக்கும் தனி நடுவரும் செல்லாது. அது 2019இன் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்பு. காசோலையில் மட்டும் அசட்டை கூடாது. அது திரும்பி, செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆவது பிரிவில் நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாளுக்குள், சட்டப்படி எந்தக் கடனும் இல்லை என்று பதில் போய்ச் சேர வேண்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஏஜென்சிகள் கடைசியாக மிரட்டுவது இதை வைத்துத்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை, மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்தவருக்கே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. போர்ட்ஃபோலியோவுக்குப் பணம் கட்டிய ரசீதுக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு.

ஆக, நம்மூரில் கையெழுத்துப் போட்ட தாள் பயமுறுத்தும் அளவுக்குக் கட்டிப்போடாது. நியூயார்க்கின் புதுச் சட்டமோ, இரண்டு வருடம் பாக்கியுள்ள ஒப்பந்தத்திலிருந்து நினைத்தபோது விலகும் உரிமையைத் தரவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் நீட்டாதே என்றுதான் சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு விழிப்பவருக்கு இந்தியாவே மேல்.

ஆனால் கட்டிய பணம்? அதில்தான் நாம் தோற்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் அவசியமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். '1915' என்ற எண்ணில் உதவி கேட்கலாம். வணிக நோக்கத்துக்காகச் சேர்ந்தவர் நுகர்வோர் அல்ல என்று ஏஜென்சி வாதாடினால், சுயதொழிலில் பிழைப்பு நடத்துவோருக்கான விலக்கைச் சுட்டி எதிர்வாதம் வைக்கலாம். எல்லாம் சரி. உத்தரவு வரும்போது அந்த அலுவலகம் பெயர்ப்பலகையை மாற்றி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். நியூயார்க்கில் உத்தரவாதப் பத்திரம் கட்டச் சொல்வது இதற்காகத்தான்: ஆள் ஓடினாலும் பணம் ஓடாது.

நம்மிடம் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. விளம்பரத்தில் நடிக்கும் குழந்தைக்கு மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கியில் போட வேண்டும் என்று 2017 முதல் விதி இருக்கிறது. வாட்ச்மேன் அனுப்பும் நிறுவனத்துக்கே 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணை நகைக்கடை விளம்பரத்துக்கு அனுப்புகிறேன் என்று பணம் வாங்கும் நிறுவனத்துக்கு மட்டும் எந்த உரிமமும் தேவையில்லை. தமிழக அரசு முதலில் இரண்டு விதிகளை எழுதினால் போதும்: மாடலிங் ஏஜென்சி தொழிலாளர் துறையில் பதிவு செய்து வைப்புத்தொகை கட்ட வேண்டும், மாடலிடம் முன்பணம் வாங்கக்கூடாது.