கரப்பான்: ஒரு சொல் ஒளித்துவைத்தது

ஏற்காட்டில் சில பெயர்களைக் கேட்டதும் பொருள் கொண்டுவிடக் கூடாது. சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு அதை முடிச்சுப்போட வேண்டியதில்லை. மலையை ஆள்பவர் என்று பிரித்தால் சரியாக வருகிறது. பேசுவது தமிழ்; முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். மார்கழி, தைக் குளிரில் இந்த மலைக் குழந்தைகளின் கன்னம் காய்ந்து, சொரசொரத்து, அரிக்கும்போது நாம் சொல்லும் பெயரும் அப்படித்தான் நம்மைத் திசைதிருப்பியிருக்கிறது: கரப்பான்.

கரத்தல் என்றால் ஒளித்தல். இருப்பதை இரப்பவரிடம் மறைப்பதைத் திருக்குறள் ‘கரப்பு’ என்கிறது. விளக்கேற்றியதும் இடுக்கில் பதுங்கும் பூச்சிக்கு இந்த வேர் கச்சிதம். குழந்தையின் தோல்நோய்க்கும் இதே வேர்தான் என்று நான் கொள்கிறேன். போய்விட்டது என்று நிம்மதியடையும்போது மறுபடி தலைகாட்டும் நோய் அது. மலையாள மொழியிலும் அதற்குக் கரப்பன் என்றே பெயர்.

ஆனால் ஒளிந்திருக்கிறது என்று பெயரிட்டபின், எங்கே என்று தேடத்தானே செய்வோம்? இரத்தத்தில், தாய்ப்பாலில், சோற்றில் தேடினோம். கத்திரிக்காயும் கருவாடும் ‘கரப்பான் பண்டம்’ ஆயின. பிள்ளையின் கன்னத்துக்காகப் பெற்றவள் வாயைக் கட்டினாள். எனக்கு இதில்தான் ஆறாத வருத்தம்.

மேலைநாட்டாரும் உள்ளேதான் பார்த்தார்கள். இதே நோய்க்கு அவர்கள் வைத்த எக்ஸிமா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கொதித்துப் பொங்குதல் என்று பொருள். 1923இல் கோகா, குக் என்ற இரு மருத்துவர்கள் ‘இடம் பொருந்தாதது’ என்ற பொருளில் அட்டோபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்ற பெயர் 1933இல் வந்தது. 2006இல்தான் பார்வை தோலுக்குத் திரும்பியது. மேல்தோலை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறை பலரிடம் இந்நோய்க்கு வழிவிடுகிறது என்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். தோல் என்ற சுவரில் விரிசல், அதன்வழி ஈரம் வெளியேறுகிறது, தூசியும் சோப்பும் உள்ளே போகின்றன. உணவு ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உண்டு. அதை மருத்துவர் கண்டு சொல்லட்டும், ஊர் சொல்ல வேண்டாம். 2015இல் வந்த லண்டன் ஆய்வு ஒன்றில், கடும் எக்ஸிமா உள்ள கைக்குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் முன்கூட்டியே வேர்க்கடலை உணவு கொடுத்ததால், கடலை ஒவ்வாமை பெரிதும் குறைந்தது. விலக்கிவைப்பதே காப்பு என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

அப்படியானால் சுவரைப் பூச வேண்டும். குளிரூரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும் பழக்கம் முதலில் போகட்டும். வெதுவெதுப்பான நீர், ஐந்து பத்து நிமிடம் போதும். பயத்தமாவைக் கன்னத்தில் தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் உலருமுன் வாசனையில்லாத களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ தாராளமாகத் தடவ வேண்டும். கன்னம் ஆறிய பிறகும் தினமும் தடவ வேண்டும். வாய்நீர் வழியும் மோவாய்க்குச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு பூச்சு. கம்பளிக் குல்லாவுக்கு அடியில் மெல்லிய பருத்திக் குல்லா. அரிப்பு அடங்காவிட்டால் மருத்துவர் முகத்துக்கென்று மென்மையான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாளுக்கு எழுதித் தருவார். அதற்கு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வீரியமான கலவைக் களிம்புகளுக்கு. குழந்தையின் முகத்தோலை அவை மெலியவைத்துவிடும். நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால், அல்லது கொப்புளத்தோடு காய்ச்சல் வந்தால், அன்றைக்கே காட்ட வேண்டும்.

பழைய பெயர்களில் எனக்கு மிகப் பிடித்தது கருங்கரப்பான். ஆங்கிலப் புத்தகங்கள் ‘சிவந்த தடிப்பு’ என்றே நெடுங்காலம் எழுதின. நம் பிள்ளைகளின் கன்னத்தில் அது கருத்தும் எழும் என்பதைப் பெயர் வைத்தவர் கண்ணால் கண்டிருக்கிறார். ஆறும்போது அதே இடம் வெளிறித் திட்டாகும். வெண்குட்டமோ என்று பாட்டிமார் பதறுவார்கள். அது அல்ல. சில மாதங்களில் பழைய நிறம் வந்துவிடும்.